எட்டடி நாலங்குலம்

உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாக இருந்தது. இஞ்சி மட்டும் கொஞ்சம் தூக்கல். இரண்டாவது டம்ளரை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் என்று பின்னால் ஒரு வக்கீல் வந்து சொல்லக்கூடாது.

இன்ஸ்பெக்டர் அவர்கள் என்னிடம் கேட்டது நாலே வரி. கம்பத்தைப் பொருத்தியவன் என்ற முறையில் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். நாலு வரியில் எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தமிழில் எழுதினால் பரவாயில்லையா என்று கேட்டேன். ரைட்டர் குணசேகரன் வேலூர்க்காரராம், தெலுங்கில் பெயர்த்துத் தருகிறேன் என்றார். அவருக்கு என் அனுதாபங்கள்.

பெயர் லக்ஷ்மிநாராயணன். வயது அறுபத்தாறு. காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் தர ஆய்வாளராக இருந்து 2006-ல் ஓய்வு பெற்றேன். அங்கே என்ன செய்தோம் என்று சொல்லக்கூடாது. உருண்டையாக, நீளமாக இருக்கும், அதற்குமேல் கேட்காதீர்கள். ஒரு உருப்படியின் மேல் என் பதினேழாம் நம்பர் முத்திரை விழுந்தால் அது தேறிவிட்டது என்று அர்த்தம். விழாவிட்டால், ஜெனரல் மேனேஜரே வந்து என் காலில் விழுந்தாலும் அது பழைய இரும்புக்குத்தான் போகும். நூறு தடவை விழுந்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நான் அளப்பவன் என்று என் மனைவி ருக்மிணி சொல்வாள். நான் சொல்லும் எந்த எண்ணையும் பத்தால் வகுத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். நீங்களும் தாராளமாக வகுத்துக்கொள்ளலாம். வயதை வேண்டாம். அளவுகளையும் வேண்டாம். அடி, அங்குலம், மில்லிமீட்டர், இவற்றில் நான் வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. இந்த வாக்குமூலமே அதற்காகத்தான்.

ருக்மிணி இப்போது நியூஜெர்ஸியில் இருக்கிறாள். மகன் கௌஷிக்கின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் அங்கே, தலையைக் காட்ட ஒரு மாதம் இங்கே. நானும் ஒருமுறை போனேன். அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு ஒன்றரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்ததும் கௌஷிக், "அப்பா, ப்ளீஸ், லீவ் இட்" என்றான். எதைத் தொட்டாலும் லீவ் இட். இருபதாம் நாள் மேற்கு மாரேட்பள்ளி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். இங்கேயும் என்னிடம் சரிபார்க்கச் சொல்லி யாரும் எதையும் கொண்டுவரவில்லை. தெருவில் போகும் இளநீர் வண்டிச் சக்கரத்தை நானாகவே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2011 ஜூனில் என் மாடியை வாடகைக்குக் கேட்டு ஸ்ரேயா வந்தாள். போலாரத்தில் ரிடையர்ட் சுபேதார் ஒருவரின் பெண். ஐந்து வருஷம் சாஃப்ட்வேர் கம்பெனியில் உட்கார்ந்து முதுகு போய், பெங்களூரில் இந்தக் கம்பப் பயிற்சியைக் கற்று முதுகைத் திரும்பப் பெற்று, வேலையை விட்டவள். வேலையை விட்டது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எதற்காக விட்டாள் என்று தெரிந்தபின், வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். தமிழ்ப் பெண்தான், ஆனால் தமிழில் தொடங்கும் வாக்கியம் எந்த பாஷையில் போய் இறங்கும் என்று அவளுக்கே தெரியாது.

"அங்கிள், மேல ஹால்ல நாலு போல் போடணும். சீலிங் தாங்குமா?"

"எதுக்கும்மா கம்பம்? கொடியேத்தவா?"

"டான்ஸ் அங்கிள். ஃபிட்னெஸ். ஏறணும், சுத்தணும், தலகிந்துலுகா, அதான் தலைகீழா, தொங்கணும்."

தாங்குமா என்று என்னிடம் ஒருவர் கேட்டு ஐந்து வருஷமாகியிருந்தது. அந்த ஒரு கேள்விக்காகவே மாடியைக் கொடுத்தேன்.

காலனி சங்கச் செயலாளர் பாலசுப்ரமணியன் மறுநாளே வந்தார். "என்ன ஸார், கம்பத்தப் பிடிச்சுண்டு ஆடறதாமே" என்றார். நான் ஜன்னலைச் சாத்தினேன், குரலைத் தாழ்த்தினேன், "டிஃபென்ஸ் சம்பந்தப்பட்டது, மேலே கேக்கப்படாது" என்றேன். அன்றுமுதல் மாடிப் படியில் அந்தப் பெண்களைப் பார்த்தால் சற்று விறைப்பாக நின்று வழிவிடுவார்.

கம்பங்களைப் பொருத்தியது நானும் என் நண்பர் ஆரோக்கியசாமியும். லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பத்தைந்து மில்லிமீட்டர் விட்டம், குரோம் பூச்சு, கூரையிலும் தரையிலும் தகடு வைத்து நட்டு. தூக்குக்குண்டு விட்டு மூன்று நாள் பார்த்தோம். பத்தடி உயரத்துக்குக் கால் மில்லிமீட்டர் சாய்வு.

"ஐயரே, ரயில் போற தண்டவாளத்துக்கே நாங்க இவ்ளோ பாத்ததில்ல" என்றார் அவர்.

"அதான் ஓய் உங்க ரயிலெல்லாம் லேட்டா வரது."

கோட்டி பஜாரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடையில் சொல்லிப் பதினேழாம் நம்பரைத் திரும்பச் செய்துகொண்டேன். சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வெர்னியருமாக மாடிக்குப் போவேன். சாய்வு, விட்டம், நட்டு இறுக்கம் பார்ப்பேன். கம்பத்தை ஸ்பிரிட்டால் துடைப்பேன். இவர்கள் ஏறும் நாளில் உடம்பில் ஒரு துளி கிரீம்கூடப் போடமாட்டார்கள். தோலுக்கும் குரோமுக்கும் நடுவே எது வந்தாலும் பிடி போய்விடும். எல்லாம் பார்த்து ஒரு தாளில் முத்திரை குத்திச் சுவரில் ஒட்டுவேன். அது ஒட்டப்படும்வரை ஒருத்தியும் கம்பத்தைத் தொடமாட்டாள். ஹைடெக் சிட்டியிலிருந்து நானூறு பெண்கள் வந்து, நான் குனிந்து நட்டைப் பார்த்து முடிக்கும்வரை கைகட்டி நிற்பார்கள். "அங்கிள், ஓக்கேவா?" "ஓக்கே." முப்பத்து நாலு வருஷத்தில் ஜெனரல் மேனேஜர்கூட என்னிடம் அத்தனை மரியாதையாகக் கேட்டதில்லை.

ஸ்ரேயாவுக்குத் துணையாகப் பாடம் எடுத்தவள் மைதிலி. லாலாகூடா ரயில்வே காலனிப் பெண், ஆரோக்கியசாமியின் பக்கத்து வீடு. அப்பா வெல்டர். பேச்சில் பாதி தக்கினி, இந்த ஊர் உருது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வித்தையைக் கண்டுபிடித்தார்கள். ஒரே கம்பத்தில் ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே. மேலே இருப்பவள் தலைகீழ். நாலு கால்களும் நாலு பக்கம் மினாராக நீளும். அதற்குச் சார்மினார் என்று பெயர் வைத்தார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டுத் திசையிலிருந்தும் ஜனங்கள் பார்க்க வந்தார்கள். மேலே எப்போதும் ஸ்ரேயா, கீழே எப்போதும் மைதிலி. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் வகுப்பு முடிந்து இருவரும் கீழே வருவார்கள், ஃபில்டர் காபி போட்டுக் கொடுப்பேன். பிறகு சிநேகிதம் முற்றிப்போய் இரண்டு பேரும் நேராக இரானி ஹோட்டலுக்குப் போக ஆரம்பித்தார்கள். நான் இறக்கி வைத்த டிகாக்‌ஷன் அப்படியே இருக்கும். தப்பென்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சார்மினாருக்கு ஒரு பேனர் அடிக்க நினைத்து, "பிழை பாருங்க அங்கிள்" என்று ஸ்ரேயா என்னிடம் கொடுத்தாள். அடியில் ஸ்ரேயா, மைதிலி என்று இரண்டு பெயர். அளந்து பார்த்தேன். இடது ஓரத்தில் பதினெட்டு மில்லிமீட்டர் இடைவெளி, வலது ஓரத்தில் பதினொன்று. ஒரு பெயரை எடுத்தால் இரண்டு பக்கமும் சரியாக வந்தது. எடுத்துவிட்டேன். பேனர் வீட்டு வாசலில் ஏறியபோது முதலில் பார்த்தவள் மைதிலி.

"கைக்கு அங்கிள்? ஏன், கைக்கு இப்டி பண்ணா அவ? கீழ நின்னு தாங்கறது நானு, பேரு அவளுக்கா? நக்கோ, வேணாம், இந்த தோஸ்தே நக்கோ."

அவள் போய் இருபது நிமிஷத்தில் ஸ்ரேயா வந்து அழுதாள். "பிரிண்டர் தப்பு அங்கிள், ப்ராமிஸ். அவ நம்மலேது, நம்பவே இல்ல. நான் ஏன் அவ பேர எடுக்கப்போறேன்?"

"பிரிண்டர்தான்" என்றேன் நானும். அன்று இரண்டு காபி, தனித்தனியாக. இருவரும் டம்ளரைக் கவிழ்க்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். சண்டை என்றால் மனிதர்களுக்குப் பேச ஒரு ஆள் தேவைப்படுகிறது என்ற எளிய உண்மை எனக்கு அறுபத்தைந்தாம் வயதில்தான் தெரிந்தது.

மைதிலி நூறு கஜம் தள்ளி, தண்ணீர் டேங்குக்கு எதிரில், ஒரு பழைய பங்களா ஹாலை எடுத்து சொந்த ஸ்டூடியோ தொடங்கினாள். பதின்மூன்றடி உயரக் கூரை, குறுக்கே இரும்பு கர்டர். கம்பம் பொருத்த யாரைக் கூப்பிடுவாள்? என்னைத்தான். ஸ்ரேயாவுக்குத் தெரியவேண்டாம் என்றாள். நான் எதற்குச் சொல்லப்போகிறேன். அங்கே சாய்வு பதின்மூன்றடிக்குக் கால் மில்லிமீட்டர். சொல்லப்போனால் இதுதான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை அங்கே, சனிக்கிழமை இங்கே. இரண்டு சுவரிலும் பதினேழு.

அடுத்த ஒரு வருஷம் நான் அனுபவித்த சந்தோஷத்தைத் தெலுங்கில் பெயர்ப்பது குணசேகரனுக்குக் கஷ்டம்தான். அமீர்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் நாற்பது நாள் பயிற்சி எடுத்தேன். ஜாவா கற்க வந்த ஆயிரம் பேருக்கு நடுவே ஃபேஸ்புக் கற்க வந்தவன் நான் ஒருவன்தான். பிறகு நாலு பெயர்களில் நாலு கணக்குத் திறந்தேன். பஞ்சாரா ரோஸ், ஃபிட்னெஸ் பத்மஜா இருவரும் ஸ்ரேயா கட்சி. சிக்கட்பள்ளி சிட்டி, மிஸஸ் ராவ் இருவரும் மைதிலி கட்சி. மைதிலியின் கம்பங்கள் பழைய பஸ்ஸில் கழற்றியவை என்று ரோஸ் எழுதுவாள். ஸ்ரேயாவினுடையது போர்வெல் பைப் என்று மிஸஸ் ராவ் பதில் கொடுப்பாள். மிஸஸ் ராவுக்குக் கோபம் அதிகம், எனக்கே சில நாள் அவளிடம் பயமாக இருக்கும். இரண்டு இடத்துக் கம்பமும் என் கம்பங்கள் என்பதால், அவற்றை நானே இழிவாக எழுதியது மட்டும் இன்றுவரை உறுத்துகிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

ஒருத்தி இலவச வகுப்பு என்றால் மற்றவள் இலவச வகுப்பும் டீஷர்ட்டும் என்பாள். ஜுலைகா என்று ஒரு டெஸ்டிங் இன்ஜினியர் ஏழு தடவை கட்சி மாறினாள். மாறும்போதெல்லாம் அந்த ஸ்டூடியோவில் கேக் வெட்டி வரவேற்பார்கள். உடம்பைக் குறைக்க வந்த பெண் ஆறு மாதத்தில் நாலு கிலோ ஏறிவிட்டாள். நாலு கிலோ என்பது அளவு, வகுக்கவேண்டாம். தினமும் சாயங்காலம் ஸ்ரேயா வந்து, அங்கே என்ன நடக்கிறதாம் என்று கேட்பாள். மறுநாள் காலையில் மைதிலி வந்து, ஹவ் அங்கிள், அப்புறம் அவ என்ன சொன்னா என்பாள். ஹவ் என்றால் அவள் பாஷையில் ஆமாம். இருவருக்கும் தேவையானதைச் சொல்வேன். டிகாக்‌ஷன் மிஞ்சவே இல்லை.

ஸ்கைப்பில் ருக்மிணி, "என்னன்னா, பத்து வயசு குறைஞ்சாப்பல இருக்கேள், என்ன பண்றேள்?" என்றாள்.

"சமூக சேவை" என்றேன்.

"யாருக்கோ வினை" என்றாள். முப்பத்தொன்பது வருஷத் தாம்பத்தியம்.

இத்தனை நேர்த்தியாக நடந்துகொண்டிருந்த ஒன்றை விநாயகர் கெடுத்தார். இந்த வருஷம் விசர்ஜன ஊர்வலத்தன்று இரண்டு பேரும் தெரியாமல் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறியிருக்கிறார்கள். ஊர்வலத்தில் ஆட்டோ நாலு மணி நேரம் நின்றுவிட்டது. முதல் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்களாம். இரண்டாவது மணியில் சண்டை போட்டார்களாம். மூன்றாவதில் அழுதார்களாம். நாலாவதில் இறங்கி ஊர்வலத்தோடு ஆடிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"அங்கிள், குட் நியூஸ்" என்று ஸ்ரேயா ஓடிவந்தாள். உடம்பெல்லாம் குலால் வண்ணப்பொடி. "மாதாப்பூர்ல பெரிய ஹால் பாத்திருக்கோம். நானும் மைதிலியும் சேந்து. டிசம்பர்ல மாடிய காலி பண்ணிடறோம்."

"கம்பத்தையெல்லாம் யாரும்மா பாப்பா?"

"அங்க ஏஜென்சி உந்தி, இருக்கு அங்கிள். வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து செக் பண்ணுவாங்க. நீங்க இனிமே ஹாயா ரெஸ்ட் எடுங்க."

அவளுக்கு லட்டு கொடுத்தேன். இரண்டு எடுத்துக்கொண்டாள். வருஷத்துக்கு இரண்டு தடவை. நான் வாரத்துக்கு இரண்டு தடவை பார்த்தேன். அந்தப் பெண்ணை எந்த அபாயத்தில் கொண்டுபோய்த் தள்ளப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே புரியும். யாராவது அவளுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது.

புது ஸ்டூடியோவை அறிவிக்க விஜயதசமி காலையில் மைதிலியின் பங்களாவில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். அங்கேதான் கூரை உயரம். முதல் உருப்படியே சார்மினார். முந்தின நாள் ஆயுத பூஜை. கம்பங்களுக்குப் பூஜை போடவேண்டாமா என்று மைதிலியிடம் கேட்டேன்.

"ஹவ் அங்கிள், போடுங்க. எங்கப்பா ஒர்க்‌ஷாப்ல சூப்பரா போடுவாங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, இருவரும் டிரெஸ் வாங்க அபிட்ஸுக்குப் போனார்கள். மத்தியானம் மூன்று மணி.

தொழிற்சாலையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு எந்திரத்தையும் துடைத்து, துரு ஏறாமல் எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி வைத்து, பூசணிக்காய் உடைப்போம். முப்பத்து நாலு வருஷம் செய்த கை. அது தானாகப் போகும். அன்றைக்கும் ஸ்பிண்டில் ஆயில் கொண்டுபோயிருந்தேன். நிறமில்லை, நல்ல மெலிசு. பழைய பனியன் துணியில் தொட்டு ஏணியில் ஏறிக் கம்பத்துக்கு ஒரு பூச்சுக் கொடுத்தேன். எந்த எந்திரத்துக்கும் செய்வதுதான்.

இங்கே நியாயமாக ஒரு கேள்வி வரும். கம்பம் முழுக்க எண்ணெய் இருந்தால் ஏறுகிறவர்கள் முதல் பிடியிலேயே வழுக்கியிருப்பார்களே, இது எப்படி என்று. நல்ல கேள்வி. அதனால்தான் தரையிலிருந்து ஏழரையடி வரை ஸ்பிரிட் போட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். நிகழ்ச்சிக்கு முன் அவர்கள் தரையில் நின்றபடி கையெட்டும்வரை துடைப்பார்கள், அது ஏழடி. பூச்சு ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை. அந்த இரண்டடியைச் சார்மினாரில் மேலே இருப்பவளின் தொடை மட்டும்தான் பிடிக்கும்; கைகள் அதற்குக் கீழேயே பிடித்துக் காலைத்தான் மேலே வீசுவாள்.

அடியில் எப்போதும் ஒரு தடித்த மெத்தை கிடக்கும். அதில் விளக்கு எண்ணெய் பட்டுவிடக்கூடாதே என்று சுருட்டி ஓரத்தில் வைத்தேன். பிறகு கம்பத்தைச் சுற்றி ஒரு கோலம் போட்டேன். எனக்குக் கோலம் வராது. ஆனால் புள்ளிகளை வெர்னியர் வைத்துப் போட்டால் யாருக்கும் வரும். செம்மண் கட்டி, நடுவில் பூ வைத்தேன். விஜயதசமியும் அதுவுமாக, பூஜைக் கோலத்தின் மேல் யார் மெத்தையைப் போடுவார்கள்? மைதிலி போடமாட்டாள். நல்ல முறையில் வளர்ந்த பெண்.

கடைசியாகச் சாய்வு பார்த்தேன். நட்டு இறுக்கம் பார்த்தேன். எல்லாம் சரி. முத்திரை குத்தி ஒட்டினேன். என் முத்திரை நிலைக்கும் உறுதிக்கும்தான் பொறுப்பு. மேற்பூச்சைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எனவே அது பொய் முத்திரை ஆகாது.

மறுநாள் நாலாயிரம் பேர் வந்திருந்தார்கள். பாலசுப்ரமணியன் முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஸ்ரேயா ஏறுவதற்கு முன்னால் சுவரில் பதினேழைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், ஓக்கேவா?"

"ஓக்கே" என்றேன்.

ஏறினாள். மைதிலி கீழே பிடித்துக்கொண்டாள். ஸ்ரேயா தலைகீழாகத் திரும்பித் தொடையால் கம்பத்தைக் கவ்வி, இரண்டு கைகளையும் விட்டாள். மூன்று மினார்கள் நீண்டன. நாலாவது நீளவில்லை. எட்டடி நாலங்குலம். கீழே வர முக்கால் விநாடிகூட ஆகாது. மைதிலி தன் பிடியை விட்டுவிட்டு அவள் கணுக்காலை எட்டிப் பிடித்தாள். அதனால் தலை தப்பித்துத் தோள் பட்டது. மைதிலி அப்படிச் செய்வாள் என்பது என் கணக்கில் இல்லை.

வலது காரை எலும்பு, வலது மணிக்கட்டு, முதுகில் ஒரு எலும்பில் விரிசல். ஏழெட்டு மாதம் கம்பம் கூடாது, அதற்குப் பிறகும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மாதாப்பூர் ஹாலை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். மெத்தை போடாத குற்றத்துக்காக மைதிலியை நீங்கள் இங்கே மூன்று தடவை கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். நேற்று அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். காபி குடிக்கிறாயா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

ஆரோக்கியசாமி விபத்துக்கு மறுநாள் பங்களாவுக்கு வந்தார். ஏணி போட்டு ஏறி, மேலே விரலால் தேய்த்து, மூக்கருகே வைத்துப் பார்த்தார். இறங்கி வந்து அந்த விரலை என்னிடம் நீட்டினார்.

"ஐயரே, மைதிலி நான் தூக்கி வளத்த பொண்ணு" என்றார்.

"தெரியுமே."

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப்பிறகு வரவில்லை. கோபக்காரர், சரியாகிவிடுவார்.

நான் பேசாமலேதான் இருந்திருப்பேன். ஆனால் போன வாரம் உங்கள் தரப்பில் ஒரு சிவில் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு அறிக்கை எழுதியிருக்கிறார். கம்பம் தளர்வாகப் பொருத்தப்பட்டிருந்ததாம். மூன்று மில்லிமீட்டர் ஆட்டமாம். வேலையில் கவனக்குறைவாம். இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தூக்குக்குண்டு என்றால் என்னவென்று அந்த ஆளுக்குத் தெரியுமா? தரைத் தகட்டில் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. மைதிலியை ஜெயிலில் போடுவது, போடாதது உங்கள் இலாகா. ஆனால் என் வேலையில் மூன்று மில்லிமீட்டர் என்று ஒரு அரசாங்கக் காகிதத்தில் இருக்க நான் விடமாட்டேன். எண்ணெய் பூசியது நான், மெத்தையை எடுத்தது நான், கோலம் போட்டது நான். கம்பம் ஆடவில்லை. அறிக்கையைத் திருத்தி எனக்கு ஒரு நகல் தரவேண்டும்.

ஸ்ரேயா இப்போது என் வீட்டில்தான், கீழ் அறையில். அவள் அம்மா ஒருநாள் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். சுபேதார் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருந்தார். கட்டிலை நானே தூக்கிப் போட்டேன், ரசமட்டம் வைத்து. ரசம் சாதம் ஸ்பூனில் ஊட்டிவிடுகிறேன். ருக்மிணிகூட ஸ்கைப்பில் பார்த்துவிட்டு, "ஏன்னா, ஒரு பொண்ணு எலும்பு முறிஞ்சு கெடக்கறா, உங்க மூஞ்சில என்ன இப்படி ஒரு களை" என்றாள்.

அந்த அறிக்கையை ஸ்ரேயாவிடம் படித்துக்காட்டினேன். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லூஸா? சான்ஸே லேது. அது நீங்க செக் பண்ண போல், அங்கிள்."

பாருங்கள். அடிபட்டவளே சொல்கிறாள். அவள் சொன்னது சரி என்று நிரூபிக்கத்தான் இன்று இங்கே வந்தேன்.

இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. கையெழுத்து எங்கே என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். நாலு மணிக்கு அவளுக்குக் காபி. வேறு யார் போட்டாலும் அவள் குடிக்கமாட்டாள். அந்தப் பெண்ணுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.